தம்பியின் கணையமும் என் சாட்சியும்

என் தம்பி குடிக்கமாட்டான். இந்த ஒரு வாக்கியத்தை நான் சொன்ன அளவுக்கு பைபிள் வசனம்கூடச் சொன்னதில்லை. அவனுக்குப் பெண் கேட்டுப் போன வீடுகளில் சொல்லியிருக்கிறேன். ரேஷன் கடை வரிசையில் சொல்லியிருக்கிறேன். ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில், பக்கத்து மிஷினில் தைக்கிறவளுக்குக் காதில் விழாமல் போய்விடுமோ என்று கத்திச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் நம்பியதில்லை. "கணையத்துல வீக்கமா? அப்ப குடிதான்" என்பார்கள். கணையம் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள். தொப்புளுக்கு மேலேயா கீழேயா என்றுகூடத் தெரியாது. ஆனால் அது குடித்தால்தான் கெடும் என்பது மட்டும் எங்கள் ஊரில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும்.

அவனுக்கு அந்த நோய் வந்தபோது அவன் அரைக்கால் டவுசர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து மடக்கிக் குப்புறக் கவிழ்ந்துவிடுவான். பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று அப்பா அடித்தார். வயிற்றில் பூச்சி என்று அம்மா வேப்பங்கொழுந்தை அரைத்துப் புகட்டினார். குடலேற்றம் என்று எண்ணெய் போட்டு வயிறு நீவினார்கள். அவன் வளர வளர வலியும் வளர்ந்தது. மீசை அரும்பிய பிறகுதான் வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கணையத்தில் கல் இருக்கிறது, வீக்கம் நாள்பட்டுப் போயிருக்கிறது என்றார்கள். குடித்து வருவது ஒரு வகை, இது வேறு வகை, குடிக்காத பிள்ளைகளுக்கும் நம் பக்கத்தில் இப்படி வருவதுண்டு, காரணம் சரியாகத் தெரியாது என்று அந்த டாக்டர் அப்பாவிடம் பொறுமையாகச் சொன்னார். அப்பா திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பியின் வாயை முகர்ந்து பார்த்தார்.

கல் என்ற சொல் வீட்டுக்குள் வந்ததும் பிடித்தது சனி. முதலில் வந்தவர் எதிர்வீட்டு அத்தை, கையில் ஒரு சொம்பு வாழைத்தண்டுச் சாற்றோடு.

"அத்தை, வாழைத்தண்டு கிட்னி கல்லுக்கு. இது கணையத்துல இருக்கிற கல்லு. வேற."

"கல்லுன்னா கல்லுதாண்டி. கிட்னிக் கல்லு கரையும், இது மட்டும் கரையாதா? நீ இன்னா டாக்டருக்கா படிச்சே?"

நான் பத்தாவதோடு நின்றவள் என்பது அத்தைக்குத் தெரியும். அதனால்தான் அப்படிக் கேட்டார். அடுத்து வந்தவர் அப்பாவின் சிநேகிதர். "ஒரு பீர் வாங்கி ஊத்துங்க, கல்லு தானா வெளிய வந்துடும்" என்று யோசனை சொன்னார். அதற்கு முந்தின வாரம்தான் அவர் என் அப்பாவிடம், பையனைக் குடியிலிருந்து மீட்க எங்கேயாவது சேர்த்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். கணையத்துக்குப் பீரைவிடப் பெரிய எதிரி கிடையாது. நல்லவேளை, என் தம்பிக்கு அந்த வாசனையே பிடிக்காது.

எதிர்வீட்டு அத்தை எங்களுக்கு ரத்த உறவில்லை. எங்கள் தெருவில் இருக்கும் சிறிய சபையில் பெண்களின் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர். தெருவில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் நோயாளிக்கு முன்னால் அத்தைக்குத் தெரிந்துவிடும். அவருக்கே சில வருஷங்களுக்கு முன்னால் கழுத்தில் கட்டி வந்திருந்தது. அது ஜெபத்தில் கரைந்துபோயிற்று என்று சபையில் சாட்சி சொன்னார். அதற்குப் பிறகு அவருடைய பக்தி ஜாஸ்தியாகிவிட்டது. சபையில் பெண்கள் எல்லோரும் தலையில் முக்காடு போடுவோம், வெளியே வந்ததும் எடுத்துவிடுவோம். அத்தை மட்டும் கீரைக்காரியிடம் பேரம் பேசும்போதும் முக்காடு போட்டு, முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துச் செருகியிருப்பார். பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சாட்சி என்பது வேறொன்றுமில்லை. ஆண்டவர் எனக்கு இன்ன நன்மை செய்தார் என்று சபைக்கு முன்னால் மைக்கைப் பிடித்துச் சொல்வது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, நானும் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு சங்கடம், சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. சொஸ்தமானேன், அதாவது குணமாகிவிட்டேன், என்று சொன்னவர் மறுவாரம் இருமினால்கூடச் சபை திரும்பிப் பார்க்கும்.

என் தம்பி டேனரியில் செலக்‌ஷன் வேலை பார்க்கிறான். பதனிட்டு வந்த தோலை வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. உண்ணி கடித்த இடம், முள் கிழித்த இடம், சூடு போட்ட இடம் எல்லாம் அவன் கைக்குத் தெரியும். கெட்டிக்காரன்தான். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எங்களைப் படுத்திய பாடு. தோலைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதால், உடம்பைப் பற்றியும் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டான். அவன் குடிக்கிறானா என்று ஊரே அவன் கையை வேவு பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அதே கையில் புகைந்துகொண்டிருந்த சிகரெட்டை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. டேனரிக்குப் பின்னால் தோஸ்துகளோடு நின்று ஊதிவிட்டு, ஏலக்காய் மென்றுகொண்டு வீட்டுக்கு வருவான். கேட்டால், "நான் குடிக்கறது இல்லையேக்கா" என்பான், சிகரெட்டுக்கு அதுதான் பதில் என்பதுபோல.

இடையில் சர்க்கரை வந்தது. கணையம் கெட்டால் சர்க்கரையும் வரும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டோடு விழுங்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். கணையம் சுரக்க வேண்டியதை அது செய்யும், அது இல்லாவிட்டால் தின்ற கொழுப்பு உடம்பில் ஒட்டாமல் அப்படியே வெளியே போய்விடும். வருஷத்துக்கு ஒருமுறையாவது வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். வலி இருந்தவரைக்கும் போனான். மாதம் ஒருமுறையாவது அவனைச் சுருட்டிப் போட்ட வலி அது. போகாமல் எங்கே போவான்?

பிறகு, அவனுக்கு நாற்பது வயது தாண்டியபோது, வலி நின்றுவிட்டது.

முதலில் எங்களால் நம்ப முடியவில்லை. ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. கல்யாண வீட்டில் கொஞ்சம் பிரியாணி சாப்பிட்டுப் பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. அவன் பெண்சாதி சந்தோஷத்தில் அழுதாள். நானும்தான் அழுதேன், இல்லை என்று சொல்லவில்லை. அத்தை ஓடி வந்து அவன் தலையில் கைவைத்து ஸ்தோத்திரம் செய்தார். அடுத்த ஞாயிறு மைக் அவன் கைக்கு வந்தது.

நன்றாகப் பேசினான் பாவி. "நான் தோல் பார்க்கிறவன். ஆறிப்போன தழும்பு எத்தனை இழுத்தாலும் கிழியாது. என் வயித்துல இருந்த புண்ணை ஆண்டவர் தழும்பாக்கிட்டாரு. இனிமே அது கிழியாது" என்றான். சபை அல்லேலூயா என்று அதிர்ந்தது. எனக்கே புல்லரித்தது. வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பாவைத் தூக்கி பீரோ மேல் வைத்துவிட்டான். சொஸ்தமானவன் எதற்கு மாத்திரை சாப்பிட வேண்டும்?

நான் முதலில் பார்த்தது அவன் பெல்ட்டை. டேனரியில் கிடைத்த நல்ல துண்டில் அவனே செய்துகொண்ட பெல்ட். ஒருநாள் அதில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தான். கொஞ்ச நாளில் அதற்கும் உள்ளே இன்னொன்று. பெல்ட்டின் மிச்சம் இடுப்பில் நாக்குபோல் தொங்கியது. "இளைச்சு அழகாயிட்டான்" என்றார் அத்தை. கன்னம் ஒட்டிப்போய், காலர் எலும்பு எட்டிப் பார்க்கிறது, இதுவா அழகு? சர்க்கரை பார்க்கச் சொன்னேன். தெருமுனை லேபில் பார்த்தான், எகிறிக் கிடந்தது. லேப்காரன் மிஷின்தான் கோளாறு என்று இவன் சொல்லிவிட்டான்.

"வேலூர் போய் ஒரு ஸ்கேன் எடுத்துனு வாடா" என்றேன்.

"எதுக்குக்கா? எனக்குத்தான் வலியே இல்லையே."

"வலி இல்லன்னா நோய் இல்லன்னு அர்த்தமா?"

"சாட்சி சொல்லியிருக்கேன்க்கா. சொல்லிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா ஜனங்க இன்னா நினைப்பாங்க? ஆண்டவர் பேருக்கு இழுக்கு இல்லையா?"

அவன் பெண்சாதியிடம் போனேன். நல்ல பெண். அவ்வளவு நல்ல பெண்ணாக இருப்பது எவ்வளவு பேஜார் என்று அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணி" என்றாள். நான் சொல்வதும் சரி என்றாள். பிறகு எனக்கு டீ போட்டாள்.

சரி, வேரைப் பிடிப்போம் என்று பாஸ்டரிடமே சண்டைக்குப் போனேன். அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். இலைக்குப் பக்கத்தில் அவருடைய பிரஷர் மாத்திரை.

"நான் எப்பம்மா ஆஸ்பத்திரி போவாதீங்கன்னு சொன்னேன்? நானே மாத்திரையில ஓடுறவன்" என்றார்.

"அப்ப நீங்களே அவனைக் கூப்ட்டுச் சொல்லுங்க, ஐயா."

அவர் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "நான் சொன்னா, பாஸ்டருக்கே விசுவாசம் இல்லன்னு பேச்சு வரும்மா. நீங்க அக்கா, நீங்க சொன்னா கேட்பாரு." எல்லோருக்கும் அவரவர் பெயர் முக்கியம். என் தம்பியின் கணையம் ஒருத்தருக்கும் முக்கியமில்லை. அவர் மனைவி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

கடைசியில் நான் செய்தது ஒரு பித்தலாட்டம். ஒருநாள் அவன் வீட்டுக்குப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "தம்பி, எனக்கு ஒரு மாதிரி இருக்குதுடா. வேலூர்ல காட்டணும். துணைக்கு வர்றியா?" என்றேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. டேனரிக்கு போன் போட்டு லீவு சொல்லிவிட்டான். தனக்கென்றால் நகராதவன், எனக்கென்றதும் விடிவதற்குள் ஸ்டேஷனுக்கு வந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு நின்றான். காட்பாடியில் இறங்கி பஸ் பிடித்தோம். என் பையை என்னைத் தூக்கவே விடவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்கு இடம் பிடித்து, டீ வாங்கி வந்து கொடுத்து, பக்கத்தில் இருந்த சித்தூர்க்காரரிடம் பேச ஆரம்பித்தான். "எங்க அக்கா, சார். உடம்பைப் பார்த்துக்கவே மாட்டாங்க. இன்னா வந்தாலும் வெளிய சொல்லமாட்டாங்க. ஒரே பிடிவாதம்." சித்தூர்க்காரர் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார். அந்த டீயை அவன் தலையில் ஊற்றாமல் இருந்ததற்கு எனக்குப் பரலோகத்தில் தனியாக ஏதாவது தருவார்கள்.

நர்ஸ் பெயரைக் கூப்பிட்டார். அவன் பெயர். அவனுடைய பழைய ஆஸ்பத்திரி நம்பரைச் சொல்லி அவன் பெயரில்தான் நான் பதிந்திருந்தேன்.

"இன்னாக்கா இது?"

"உன் பேருதானே? எழுந்திரு."

"அக்கா, நான் சாட்சி சொன்னவன்..."

"உன் சாட்சியை இந்த பெஞ்சுல உக்கார வெச்சுட்டு நீ மட்டும் உள்ள வா."

அவன் முறைத்தான். எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் என்னால் என்ன செய்திருக்க முடியும்? நாற்பது வயது ஆண்பிள்ளையைக் காதைப் பிடித்தா இழுக்க முடியும்? ஆனால் அவன் போகவில்லை. எதற்குப் போகவில்லை என்று உள்ளே போன பிறகு தெரிந்தது. "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று அங்கே இருந்த டாக்டரம்மா கேட்டதும், என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாளா முதுகுல இடிக்கிற மாதிரி ஒரு வலி" என்றான். என்னிடமும் சொல்லவில்லை, பெண்சாதியிடமும் சொல்லவில்லை.

டாக்டரம்மாவுக்கு மலையாள வாடை அடிக்கிற தமிழ். அவன் பெல்ட்டின் தொங்கலைத்தான் முதலில் பார்த்தார். வலி நின்ற கதையை முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "அழுது அழுது களைச்ச குழந்தை சும்மா ஆகும் இல்லையா? பசி தீர்ந்துன்னு அர்த்தமில்லை. உங்க கணையம் அப்படித்தான் சும்மா ஆகியிருக்கு."

இவன் விடுவானா? "டாக்டர், நான் தோல் பார்க்கறவன். தழும்பு ஆறிட்டா அந்த இடம் கெட்டி. கிழியாது" என்றான்.

அவர் சிரிக்கவில்லை. "அது செத்த தோலுக்குச் சரி. இது உயிரோட இருக்கிற சதை. உள்ளே புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும், மறுபடி ஆறும். சின்ன வயசிலிருந்து உங்க உடம்பு அங்கே ரிப்பேர் பண்ணிட்டே இருக்கு. அத்தனை வருஷம் ரிப்பேர் நடக்கிற இடத்துல ஒருநாள் தப்பா வளர ஆரம்பிக்கலாம். அதுதான் கேன்சர். பயப்படுத்தறதுக்குச் சொல்லலை. இந்த நோய் உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது வர்றதே இல்லை. ஆனா மத்தவங்களைவிட உங்களுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. எடை இறங்கி, சர்க்கரை ஏறி, முதுகு வலிச்சா நாங்க பார்க்காம விடமுடியாது. சிகரெட் உண்டா?"

அவன் என்னைப் பார்த்தான். "உண்டு" என்றேன் நான்.

"அது இன்னும் ஜாஸ்தியாக்கும்" என்றார். எத்தனை வருஷமாக ஊர் அவனிடம் குடி, குடி என்று கத்திக்கொண்டிருந்தது. ஒருத்தராவது சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்தா போயிருக்கும்?

ஸ்கேனில் கணையத்தின் தலைப்பக்கம் தடிப்பாக ஒரு நிழல் தெரிந்தது. பழைய வீக்கமே தடித்து அப்படி நிற்கலாம், கேன்சராகவும் இருக்கலாம், படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், வாய் வழியாகக் குழாய் விட்டு ஊசியால் சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். அதையும் எடுத்தார்கள். ரிப்போர்ட்டுக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

திரும்பும்போது ரயிலில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தான். வண்டியில் நல்ல கூட்டம். குடியாத்தம் தாண்டும்போது மெதுவாகச் சொன்னான்: "ஒரு தோலை வெளிச்சத்துல பிடிச்சா, இது பழைய தழும்பு, இது புதுசுன்னு நான் பட்டுனு சொல்லிடுவேன்க்கா. அத்தனை பெரிய மிஷினை வெச்சுனு அவங்களால சொல்ல முடியலையே." அவன் குரலில் பயம் இருந்தது. எனக்கும் பயம்தான். கோபம் இருந்ததால்தான் நான் அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

இறங்கும்போது எங்கள் தெருக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். "இன்னாப்பா, ஆஸ்பத்திரி கவரோட வர்றீங்க?" என்றார்.

"அக்காவுக்கு, கணையத்துல" என்றான் என் அருமைத் தம்பி.

அவ்வளவுதான். மறுநாள் தெரு முழுக்க எனக்குக் கணையத்தில் கட்டி என்று பேச்சு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் குதித்தேன். ரிப்போர்ட் வரைக்கும் பொறுத்துக்கோக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கை எலும்பாக இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

பொறுத்துக்கொள்வது என்றால் என்னவென்று பிறகுதான் தெரிந்தது. விடிந்ததும் அத்தை வாழைத்தண்டுச் சாற்றோடு வந்து நின்றார். நான் அதைக் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தார். ஜெபக்கூட்டத்தில் என்னை நடுவில் உட்காரவைத்து, பெண்கள் எல்லோரும் என் வயிற்றில் கைவைத்து, "கட்டியே, கரைஞ்சு போ" என்று அதட்டினார்கள். அத்தை கைவைத்த இடத்தில் என் வயிற்றில் அன்றைக்குக் காலையில் தின்ற இட்லியைத் தவிர வேறொன்றுமில்லை. கம்பெனியில் சூப்பர்வைசர் முதல்முறையாக என்னிடம் மரியாதையாகப் பேசினார். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மிஷின்காரி நெருங்கி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கணையமாமேக்கா? நீங்க எப்பக்கா குடிக்க ஆரம்பிச்சீங்க?"

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என் தம்பி இந்தக் கேள்வியை மீசை முளைத்ததிலிருந்து காதில் வாங்கிக்கொண்டிருக்கிறான் என்பது மட்டும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வாரத்துக்கே எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. வலி நின்றதும் அவன் ஏன் அப்படி ஓடிப்போய் மைக்கைப் பிடித்தான் என்பது கொஞ்சம் புரிந்தது. கொஞ்சம்தான்.

ரிப்போர்ட் வாங்கப் போன அன்று அவன் பெண்சாதியும் வந்தாள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். "கேன்சர் இல்லை" என்றார். நாங்கள் மூச்சு விடுவதற்குள், "இப்போ இல்லை" என்றார். எடுத்த சதையில் இல்லை, ஊசி எல்லா இடத்தையும் தொட்டிருக்கும் என்று சொல்ல முடியாது, மூன்று மாதத்தில் மறுபடி படம் எடுக்க வேண்டும், அதன்பிறகும் விடாமல் வரவேண்டும். மாத்திரையை நிறுத்தியதால்தான் தின்றது ஒட்டாமல் இந்த அளவுக்கு இளைத்திருக்கிறான், சர்க்கரைக்கு இனிமேல் இன்சுலின் ஊசி, சிகரெட் அறவே கூடாது. அவன் பெண்சாதி, "சரிங்க டாக்டர்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இந்தமுறை அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவன் பக்கத்தில் வந்து, "அதான் ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களேக்கா" என்றான். கையிலிருந்த பையாலேயே அவன் முதுகில் நாலு சாத்து சாத்தினேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு அவன் வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வேறு விதம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனேன். ரிப்போர்ட் நல்லபடியாக வந்த செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. யார் ரிப்போர்ட் என்பதுதான் போகவில்லை. பாட்டு முடிந்ததும் அத்தை மைக்கை வாங்கினார். "நம்ம சகோதரியோட கட்டியை ஆண்டவர் கரைச்சுப் போட்டாரு! இப்ப சகோதரி வந்து சாட்சி சொல்லுவாங்க" என்றார். அல்லேலூயா எழுந்தது. மைக் தரையில் விரித்திருந்த பாய்களைத் தாண்டி என் கைக்கு வந்தது.

நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் தம்பி மானம் போகும். வராத நோய்க்குச் சாட்சி சொல்லச் சொல்லி நிற்கவைத்துவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரத்தில் உதடு நடுங்கியது. அத்தைக்கு அது ஆனந்தம் என்று தோன்றியிருக்க வேண்டும், இன்னொரு அல்லேலூயா போட்டார்.

ஆண்கள் பக்கத்திலிருந்து தம்பி எழுந்தான். நடுவில் வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினான்.

"எங்க அக்காவுக்கு ஒரு நோயும் இல்ல. நோய் எனக்கு" என்றான். "போன தடவை நான் சொன்னது தப்பு. வலிதான் நின்னுச்சு, நான் சொஸ்தமாகல. மாத்திரையை நிறுத்துனேன். சிகரெட்டும் பிடிச்சினு இருந்தேன். கேன்சரான்னு பார்த்தாங்க. இப்ப இல்லன்னாங்க. நாளைக்கு வராதுன்னு சொல்லமுடியாதுன்னாங்க. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துனே இருக்கணும். நான் போவேன். நீங்க ஜெபம் பண்ணுங்க."

மைக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். ஒருத்தரும் அல்லேலூயா சொல்லவில்லை. எப்போது சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் பாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தனியாக, "ஆமென்" என்றார். அவனைத் திட்டுவதற்கு எனக்கு அன்றைக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அத்தை வருவது தெரிந்தது. சபைக்கு முன்னால் அவரைச் சிறுமைப்படுத்திவிட்டோம் என்று சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். நானும் தயாராகத்தான் இருந்தேன். வாழைத்தண்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கேட்டுவிடுவது என்று மனதில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

அத்தை என் கையைப் பிடித்து, பைக்குகள் நிற்கும் சந்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"அந்த ஆஸ்பத்திரியில பார்த்தது பொம்பளை டாக்டராடி?"

"ஆமா அத்தை. ஏன்?"

அத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். கழுத்தைச் சுற்றி இழுத்துச் செருகியிருந்த முந்தானையை விரலால் கொஞ்சம் விலக்கினார். கட்டி கரையவில்லை. பழையது எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. அதற்குக் கீழே புதிதாக இன்னொன்று.

"சாட்சி சொல்லிட்டேனேடி" என்றார்.

முந்தானையை நானே இழுத்து மூடிவிட்டேன்.

"காலைல ரெடியா இருங்க அத்தை. நான் லீவு சொல்லிடறேன். முதல் ட்ரெயினுக்குப் போயிடலாம்."

"ஸ்டேஷன்ல யாராச்சும் பார்த்துக் கேட்டா?"

"எனக்குன்னு சொல்லிடுங்க" என்றேன்.